யார் சொன்னது என்று சொல்லக் கூடாது

பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு ஆய்வு மையத்தில் மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சட்டம். "சட்டம் வருது, போனைப் போடு" என்று வராந்தாவில் ஒருவன் குரல் கொடுத்தால் போதும், கருத்தரங்க அறை வாசலில் இருந்த பிளாஸ்டிக் கூடையில் கைபேசிகள் மளமளவென்று விழும். அது காதில் விழாத மாதிரி அவள் நடந்து வருவாள். உள்ளுக்குள் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்று கதவில் ஒட்டியிருந்த பட்டத்தை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை, சட்டத்துக்கு எல்லோரும் பயந்தார்கள்.

மையத்தில் இரண்டு வகைக் கூட்டம் நடக்கும். திறந்த கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். கடல்வழிப் பாதுகாப்பு, அணு ஆயுதக் குறைப்பு என்று எவ்வளவு பயங்கரமான தலைப்பாக இருந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கலாம். மூடிய கூட்டம் அப்படியல்ல. அழைக்கப்பட்டவர்கள் மட்டும் லாட வடிவில் போட்ட மேசையைச் சுற்றி உட்காருவார்கள். கதவைச் சாத்தியதும் அவள் எழுந்து விதியைப் படிப்பாள். இங்கே கேட்டதை வெளியே தாராளமாகச் சொல்லலாம். யார் சொன்னது என்று சொல்லக் கூடாது. பேச்சில் வருகிற ஆள் யார் என்று கேட்கவும் கூடாது.

வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தவர்கள் உண்டு. போன வருடம் ஓர் ஆராய்ச்சி மாணவன் பேச்சாளர் சொன்ன ஒரு வரியை அவர் படத்தோடு இணையத்தில் போட்டுவிட்டான். ஏதோ பெருமைக்காகச் செய்தது. அந்த மனிதர் இரண்டு எதிரி நாட்டு அதிகாரிகளை ஒரே அறையில் உட்காரவைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தவர். அடுத்த வாரமே அவர் பதவி போயிற்று, பேச்சுவார்த்தையும் படுத்துவிட்டது. அவள் அந்த மாணவனை வருடம் முழுவதும் கருத்தரங்க அறைப் பக்கமே விடவில்லை. டீக்குப் பால் தீர்ந்தாலும் வியூகம் பற்றியே பேசுகிற இயக்குநர், "கொஞ்சம் விட்டுப் பிடிப்போமே, அதுவும் ஒரு வியூகம்தானே" என்று சமாதானத்துக்கு வந்தார். அவள் மசியவில்லை. எதற்கெடுத்தாலும் வியூகம் என்பதால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வியூகம் என்றே பெயர்.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பா பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றதில் இடது காது அடியோடு போய்விட்டது. வலது காது தேவைப்பட்டால் கேட்கும். எப்போது தேவை என்பதை அவர்தான் முடிவு செய்வார். திறந்த கூட்டம் ஒன்றையும் அவர் விடுவதில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, கடைசி வரிசையில், வலது காது மேடையைப் பார்க்கும்படி கோணலாக உட்காருவார். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்பார்.

"போர்நிறுத்தக் கோடு, கண்காணிப்புன்னு இன்னிக்கும் யாரும் பேசலயே?"

"இல்லப்பா."

"சும்மா கேட்டேன்."

அவர் சும்மா கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அம்மா போனபின் அவள் கையில் வளர்ந்த தம்பி, சண்டை போடும் இரண்டு படைகளுக்கு நடுவே ஆயுதம் இல்லாமல் உட்கார்ந்து யார் முதலில் சுட்டது என்று சொல்லுகிற கண்காணிப்புக் குழுவில் சேர்ந்திருந்தான். அப்பாவுக்கு அவனைத் தன் படையிலேயே சேர்த்துவிட வேண்டும் என்று ஆசை. "நடுவுல நிக்கிறவன் மேலதான்டா ரெண்டு பக்கத்துக் குண்டும் விழும். எனக்குத் தெரியாதா? நான் சுட்டவன்" என்றார். தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்புதான் வினையாகிப்போனது. "போனா போனதுதான். திரும்பி இந்த வாசப்படி ஏறாதே" என்று அப்பா கத்தினார். பயம் வந்தால் கோபப்பட மட்டுமே தெரிந்த மனிதர் அவர். அவளுக்கு அது புரிந்தது. தம்பிக்கு அப்போது அதைப் புரிந்துகொள்கிற வயதில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

முதலில் எங்கெங்கோ இருந்து, ஒவ்வொரு தடவையும் வேறு எண்ணில், அவளுக்கு மட்டும் அழைப்பு வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. குழுவின் தலைமையகத்தில் கேட்டால், கண்காணிப்பாளர்களைப் பற்றி எந்த விவரமும் தருவதில்லை என்று பணிவாகச் சொன்னார்கள். ஏதாவது ஆகியிருந்தால் நமக்குச் சொல்லியிருக்க மாட்டார்களா என்று அவள் ஒரு சமயம் தைரியமாக இருப்பாள். சொல்ல வேண்டிய உறவு என்று நம் பெயரை அவன் கொடுத்திருப்பானா என்று மறுசமயம் சந்தேகப்படுவாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரே ஒரு வார்த்தை யாராவது சொல்லிவிட்டால் போதும் என்று வருடக்கணக்காக ஏங்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் அப்பாவும் அதற்குத்தான் கோணலாக உட்கார்ந்திருந்தார்.

தம்பி இருந்தவரை அந்த வீட்டில் எந்த மெஷினும் பெயரில்லாமல் இருந்ததில்லை. பழைய ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்குமுன் இரண்டு தரம் இருமும். அப்பாவின் அண்ணனும் பேசுவதற்கு முன்னால் அப்படித்தான் இருமுவார். எனவே ஃபிரிட்ஜுக்குப் பெயர் டொக்குப் பெரியப்பா. மிக்ஸி, கரகர அத்தை. தண்ணீர் மோட்டார், முனகல் மாமா. ஒருநாள் நிஜப் பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து குடும்ப கௌரவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஃபிரிட்ஜ் இருமியது. "வந்துட்டேன் பெரியப்பா" என்று தம்பி சமையலறைக்கு ஓடினான். அப்பா முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு எழுந்து போய், குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு சிரித்தார். வெளியே எல்லோருக்கும் கேட்டது. அந்த ஃபிரிட்ஜ் இப்போது இல்லை. புதிதாக வாங்கியது சத்தமே போடுவதில்லை, ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அன்று மூடிய கூட்டம். பேச வந்தவர் ஓய்வு பெற்ற பெண் கர்னல், ஏதோ ஒரு போர்நிறுத்தக் கோட்டில் கண்காணிப்புக் குழுவை நடத்துபவர். எந்தக் கோடு என்று அழைப்பிதழில்கூடப் போடவில்லை. குள்ளமான உருவம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. தலைப்பு, நம்பிக்கை வளர்க்கும் நடவடிக்கைகள். வியூகம் அந்தச் சொற்றொடரையே ஏழெட்டு விதமாகச் சொல்லி வரவேற்றார். அவள் எழுந்து விதியைப் படித்தாள். ஏசி சொட்டுகிற இடத்தில் வாளி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"படம் காட்டி உங்களைத் தூங்க வைக்கப் போறதில்ல. ஒரு கதை சொல்றேன்" என்று கர்னல் ஆரம்பித்தார். "எங்க ரேடியோவை ரெண்டு படையும் ஒட்டுக் கேட்கும். 'கிழக்கால இருந்து சுடுறாங்க'ன்னு எங்க ஆளு சொன்னா, கிழக்குக்காரன் மல்லுக்கு வருவான். சொல்லாம விட்டா மேற்குக்காரன் வருவான். வாயைத் திறந்தாலும் தப்பு, மூடினாலும் தப்பு. அப்ப எங்க கண்காணிப்பாளர் ஒருத்தர் ஒரு வேலை பண்ணார். ரெண்டு பக்கத்து ஆயுதத்துக்கும் சொந்தக்காரங்க முறையில பேரு வெச்சுட்டார்."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது.

"தூரத்துல டொக்கு டொக்குன்னு ரெண்டு சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக் குண்டு வந்து விழும். அந்தப் பீரங்கிக்குப் பேரு டொக்குப் பெரியப்பா."

குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

"மெஷின்கன், கரகர அத்தை. எதுக்கு ஆரம்பிச்சாங்கன்னு அவங்களுக்கே தெரியாது, ஆனா நிறுத்த மாட்டாங்க. ட்ரோன், முனகல் மாமா. தலைக்கு மேலயே சுத்துவார், என்ன வேணும்னு மட்டும் சொல்லமாட்டார்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வியூகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நல்ல வேளையாக அது சிரிப்பில் சேர்ந்துபோயிற்று. உலகத்தில் எத்தனையோ பேர் பீரங்கிக்குப் பெரியப்பா என்று பெயர் வைக்கலாம். டொக்கும் கரகரவும் முனகலும் சேர்ந்து வருகிற வீடு ஒன்றுதான் இருக்க முடியும். அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

"'பெரியப்பா இருமுறார்'னு ரேடியோவில சொன்னா யாருக்கும் கோபம் வரல" என்று கர்னல் தொடர்ந்தார். "ஒருநாள் ஒரு தளபதியே லைன்ல வந்தார். 'எங்க பெரியப்பாவுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல, படுத்திருக்கார். அந்தப் பக்கத்து அத்தையையும் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்க'ன்னார். நாங்க சொன்னோம். அத்தையும் மூடினாங்க. அந்தக் கோட்டுல நடந்த முதல் பேச்சுவார்த்தை அதுதான்."

"இந்த முறை இன்னும் இருக்கா மேடம்?" என்று வியூகம் கேட்டார்.

"இருக்கே. நான் கிளம்பறதுக்கு முந்தின நாள்கூட அவர்தான் ரேடியோவில சொன்னார், மாமா தலைக்கு மேல வந்துட்டார், குளிக்கிறவங்க சீக்கிரம் குளிச்சு முடிங்கன்னு."

இருக்கிறான். இந்த வாரம்வரை இருக்கிறான், கிண்டலடித்துக்கொண்டு இருக்கிறான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. எழுந்து போய் அந்தக் கர்னலின் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த விரிவுரையாளர் கை தூக்கினார். "பிரமாதமான ஆளா இருக்காரே! யாருங்க அவர்? எந்த ஊர்க்காரர்?"

எல்லோர் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் எதைக் கேட்கத் துடித்துக்கொண்டிருந்தாளோ அதையே அவர் கேட்டுவிட்டார். ஒரு நிமிடம் சும்மா இருந்தால் போதும், கர்னல் வாய் தவறிச் சொல்லிவிடக்கூடும். அவள் இருமல் வந்தவள் போலக் குனிந்துகொள்ளலாம், தண்ணீர் எடுக்க எழுந்து போகலாம். போன வருடம் பதவி போன மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு படைக்கும் நடுவே ஆயுதம் இல்லாமல் நிற்கிறவன் பெயர் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"யாருன்னு கேட்கக் கூடாது சார்" என்றாள். குரல் கரகரத்தது. தம்பி கேட்டிருந்தால் அவளுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பான்.

"மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று அவர் கையை இறக்கிக்கொண்டார்.

கேள்வி நேரம் முடியப் போகும்போது, இதுவரை எந்தக் கூட்டத்திலும் கேள்வி கேட்டிராத சட்டம் மைக்கைத் தன் பக்கம் இழுத்தது. வியூகம் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"பெரியப்பா, அத்தை, மாமா எல்லாரும் வந்துட்டாங்க" என்றாள். "அப்பான்னு எதுக்காவது பேரு இருந்துச்சா?"

மறுபடியும் சிரித்தார்கள். கர்னல் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"நல்ல கேள்வி. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. அப்பா ஆயுதம் இல்லீங்க. எங்க முகாமுல ஒரு பதுங்குகுழி இருக்கு. கனமான கான்கிரீட், உள்ள ஒரே இருட்டு, காத்து வராது, நிமிர்ந்து நிக்க முடியாது. உள்ள இருக்கவே யாருக்கும் பிடிக்காது. ஆனா எவ்வளவு பெரிய குண்டு விழுந்தாலும் அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தான் பேரு அப்பா. அபாயச் சங்குக்குப் பேரு அக்கா. சங்கு ஊதினதும் பேரு வெச்சவர் ஒரே கத்தா கத்துவார், 'அக்கா கத்துறா, அப்பாகிட்ட ஓடு!'ன்னு. எங்க குழுவுல இருக்கிற ஒவ்வொருத்தரும், எந்த நாட்டுக்காரரா இருந்தாலும், அப்படிக் கத்திக்கிட்டுத்தான் ஓடுவோம்."

வீட்டில் நேர்மாறாக இருந்தது. அங்கே அப்பா கத்துவார், தம்பி அக்காவிடம் ஓடி வருவான். அவள் மைக்கை அணைத்தாள். நன்றியுரையை வியூகமே சொல்லும்படி ஆயிற்று.

டீ நேரத்தில் பிஸ்கட் தட்டோடு ஒதுங்கி நின்ற கர்னலிடம் அவள் போனாள். "மேடம், அந்த..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். கர்னல் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். விதியைப் படித்தவளே மீறினால் என்ன செய்வது என்று அவருக்கும் சங்கடம்தான் போல.

"மேடம், இங்க கேட்டதை நாங்க வெளிய சொல்லலாம், யார் சொன்னதுன்னுதான் சொல்லக் கூடாது. அதே மாதிரி இங்க கேட்டதை நீங்க அங்க போய்ச் சொல்லலாம், இல்லையா?"

கர்னலுக்கு இரண்டு விநாடி பிடித்தது. பிறகு உதட்டோரம் லேசாகச் சிரித்தார். "தாராளமா. ஆனா நான் ரேடியோவிலதான் சொல்வேன், ரெண்டு படையும் கேட்கும். அவங்களுக்குப் பயன்படுற மாதிரி அதுல ஒண்ணும் இருக்கக் கூடாது. என்ன சொல்லணும்?"

இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயா, ஏன்டா ஒரு போன் பண்ணவில்லை. எதையும் ரேடியோவில் சொல்ல முடியாது.

"காலையில சொல்லலாமா?"

"ஒன்பது மணிக்கு விருந்தினர் விடுதிக்குக் கார் வருது. அதுக்குள்ள வாங்க."

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது அப்பா டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்துக்கொண்டு செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் டிவியை அணைத்துவிட்டு அவருடைய வலது பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு விஷயம் கேள்விப்பட்டேம்பா. யார் சொன்னதுன்னு கேட்காதீங்க."

"உங்க ஆபீஸ் விதி தெரிஞ்சதுதானே. சொல்லு."

அவள் சொன்னாள். யார் பேசியது, எந்தக் கோடு, எந்த ஆள், எதையும் சொல்லவில்லை. ஓர் இடத்தில் பீரங்கிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களாம் என்றுதான் தொடங்கினாள். டொக்குப் பெரியப்பா என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கரகர அத்தையில் அவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டது. மாமா இந்த வாரம்கூட முகாம் மேல் சுற்றினாராம், குளிக்கிறவர்களை அவசரப்படுத்தினார்களாம் என்று முடித்தாள்.

"டொக்கு டொக்குன்னு ரெண்டு சத்தம்னா, ரெண்டு பீரங்கி பக்கத்துல பக்கத்துல இருக்கு" என்றார் அப்பா. "பழைய மாடல். குறி அவ்வளவு சரியா விழாது." கொஞ்ச நேரம் பீரங்கியைப் பற்றியே பேசினார். அவர் பேசட்டும் என்று அவள் விட்டாள். பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"அப்பான்னும் ஒண்ணு இருக்குமே? இருக்கிறதிலயே பெரிய பீரங்கியாத்தான் இருக்கும்."

"பீரங்கி இல்லப்பா. பதுங்குகுழி. உள்ள இருக்க யாருக்கும் பிடிக்காதாம், ஆனா எந்தக் குண்டு விழுந்தாலும் அதுக்குள்ள ஒண்ணும் ஆகாதாம். சங்கு ஊதினா 'அப்பாகிட்ட ஓடு'ன்னு கத்திக்கிட்டு எல்லாரும் ஓடுவாங்களாம்."

அப்பா கேட்காத மாதிரியே உட்கார்ந்திருந்தார். வலது பக்கத்தில் இருந்து சொன்னது கேட்காமல் போக வழியில்லை. சற்றுப் பொறுத்து எழுந்து சமையலறைக்குப் போனார். ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார், எதையும் எடுக்கவில்லை. உள்ளே இருந்து வந்த வெளிச்சத்தில் அவர் கன்னம் நனைந்திருந்தது தெரிந்தது.

"கதவை மூடுங்கப்பா, கூலிங் போயிடும்" என்றாள், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். அப்படியே காலையில் கிடைக்கப்போகும் வாய்ப்பையும் சொன்னாள். ஒரே ஒரு செய்தி, யார் வேண்டுமானாலும் கேட்கிற மாதிரி.

அப்பா கதவை மூடினார். "இது வாங்கி மூணு வருஷம் இருக்குமா?"

"இருக்கும்."

"இதுக்கு ஒரு பேரு இல்லையே இன்னும்" என்றார். "அதையே சொல்லச் சொல்லு. ஒரு வீட்டுல புது ஃபிரிட்ஜ் வாங்கியிருக்காங்க, பேரு வைக்க ஆள் இல்லாம சும்மா நிக்குதுன்னு."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? எல்லாம் அதுலயே இருக்கு."

காலையில் அவள் செருப்பை மாட்டும்போது பின்னால் இருந்து கூப்பிட்டார். "போன்ல பேரு சொன்னா செல்லாதுன்னு சொல்லு. நேர்ல வந்து, அது ஓடறதைக் கேட்டுட்டுத்தான் வைக்கணும்."

விருந்தினர் விடுதி வாசலில் டிரைவர் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். கர்னல் முழுவதும் கேட்டுவிட்டு, மனதில் பதிய வைத்துக்கொள்வது போல ஒருமுறை தானே திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"எங்க பெரியப்பாவும் அத்தையும் இதைக் கேட்டுட்டு ஃபிரிட்ஜுக்கு என்ன அர்த்தம்னு ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்குவாங்க" என்றார். "யார் சொன்னதுன்னு நான் சொல்லமாட்டேன். அவரும் கேட்கமாட்டார்."

கார் திரும்பி மரங்களுக்குப் பின்னால் மறையும்வரை அவள் நின்றாள். அன்றைக்கு அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை. மதியம் வியூகத்திடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். சட்டம் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

கூடத்தில் அப்பா இல்லை. சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது காதை ஃபிரிட்ஜ் கதவோடு ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

அவர் காதை எடுக்கவில்லை. பேசாதே என்று விரலை உயர்த்திக் காட்டினார், இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார்.

"சத்தம் வருதும்மா. வராம இல்ல. ஆனா ரொம்ப மெதுவா வருது" என்றார். "அவன் வந்தா, குறைஞ்சது ஒரு வாரமாவது தங்கினாத்தான் கண்டுபிடிக்க முடியும்."